பாவு சுருட்டிய பிறகே பந்து

எங்கள் கால்பந்துக் கழகம் இந்த ஆண்டு ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. மாவட்ட லீக்கின் கடைசிப் பிரிவிலிருந்து அதற்கு மேலுள்ள பிரிவுக்கு. உலகக் கோப்பையே வந்துவிட்டதுபோல் பையன்கள் குதிக்கிறார்கள், குதிக்கட்டும். போன வாரம் கேப்டன் முருகன் வீட்டுக்கு வந்து, "மிஸ், நம்ம கிளப்புக்கு போன்ல ஒரு பேஜ் ஆரம்பிச்சிருக்கோம். அதுல ஹிஸ்டரின்னு ஒரு இடம் இருக்குது. ரெண்டு லைன் எழுதிக் குடுங்க" என்றான்.

"ரெண்டு லைன்ல எழுத நான் என்ன தந்தி ஆபீஸ்லயா இருந்தேன்?" என்று கேட்டேன். தந்தி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "சரி மிஸ், நாலு லைன்" என்றான். அவன் கேட்டதைவிட இது கொஞ்சம் நீளம். பிடித்தால் போடட்டும், இல்லாவிட்டால் அவனே எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் எஸ்தர். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காஞ்சிபுரத்தில் பி.டி. மிஸ் என்றால்தான் என்னைத் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பெண் படித்தால் நர்ஸ் ஆகலாம், டீச்சர் ஆகலாம் என்று எங்கள் சர்ச்சில் சொல்வார்கள். எனக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும், கணக்கு வராது, ஓட மட்டும் வரும். ஆகவே சென்னைக்குப் போய் உடற்கல்விப் பயிற்சி முடித்தேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வெயிலும் முட்டிச் சிராய்ப்பும் தவிர வேறொன்றும் இல்லை.

முதல் வேலை தென்னேரிப் பக்கம். மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு கேட்டால் தலைமையாசிரியர் வானத்தைப் பார்ப்பார். வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பல் வாங்கிக் கோடு போட்டேன். பையன்கள் எல்லாரும் சாம்பல் பூசிய சாமியார்போல் வீட்டுக்குப் போனார்கள். பிறகு காஞ்சிபுரத்துக்கு மாற்றல் கிடைத்தது. அங்கே எனக்கு மேலே இருந்தவர் கரீம் சார்.

கரீம் சார் ஊரின் பழைய முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். கடை வைத்துப் பிழைக்கும் வீட்டில் பிறந்து கால்பந்தைத் தேடி வந்தவர். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கான்வாஸ் ஷூ, இஸ்திரி கலையாத சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. விசிலைக் கழுத்தில் தொங்கவிட மாட்டார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். எடுத்தால் ஒரு முறைதான் ஊதுவார். நான் பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று தடவை ஊதினால், "முதல் தடவை ஊதினது எதுக்கும்மா? சும்மா சத்தம் நல்லா வருதான்னு பார்க்கவா?" என்று கேட்பார்.

பள்ளி வேலை போக அவர் ஒரு கிளப் நடத்தினார். பாவடி கால்பந்துக் கழகம். நெசவாளர் வீட்டுப் பையன்கள், கடைத்தெரு முஸ்லிம் பையன்கள், எங்கள் காலனிப் பையன்கள் என்று எல்லாரும் அதில் ஆடினார்கள். பாவடி என்பது அவர்கள் ஆடிய இடத்தின் பெயர். பட்டு நூலைத் தறியில் ஏற்றுமுன் நீளமாக விரித்து, இரு முனையிலும் தரையில் முளையடித்து இழுத்துக் கட்டுவார்கள். அறுந்த இழைகளை முடிந்து, லேசாகக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். இப்படி விரித்த நூலுக்குத்தான் பாவு என்று பெயர். பாவு விரிக்க நெசவாளர் தெரு பொதுவில் வைத்திருக்கும் வெட்டவெளி பாவடி. விடியற்காலையில் அது பாவுக்கு. பாவைச் சுருட்டி எடுத்த பிறகு எங்களுக்கு.

இதில் கரீம் சார் வைத்திருந்த முறை கறாரானது. கடைசிப் பாவு சுருட்டப்படும்வரை ஆட்டக்காரர்கள் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். பந்து பையை விட்டு வெளியே வரக்கூடாது. பாவு போனதும் அவர் ஷூவைக் கழற்றிவிட்டு மைதானம் முழுக்க வெறுங்காலால் நடப்பார். யாராவது பிடுங்க மறந்த முளை, உடைந்த மூங்கில் சிம்பு, முள் எல்லாவற்றையும் பொறுக்குவார். முளையைச் சும்மா ஓரமாகப் போடமாட்டார், யார் வீட்டு முளை என்று கேட்டு அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பார். அப்புறம் பந்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அப்புறம் ஷூ. அப்புறம்தான் விசில்.

"என்ன சார், தினமும் பிரதட்சணமா?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். "இது அவங்க வீட்டுக் கூடம் மாதிரிம்மா. நாம வந்து விளையாடிக்கினு இருக்கிறோம்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

கிளப் நன்றாக ஆடியது. ஓர் ஆண்டு மாவட்ட இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. போட்டிக்கு முதல்நாள் காலை எனக்கும் கரீம் சாருக்கும் பள்ளியில் தேர்வு மேற்பார்வை. பையன்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பாவு இன்னும் விரித்தபடி இருக்கும்போதே மறுகோடியில் பந்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நேராகப் பாவின் நடுவில் போய் விழுந்தது.

பந்து விழுந்ததோடு போயிருந்தால் கொஞ்சம் இழைகள்தான் அறுந்திருக்கும். ஆனால் பந்தாட்டக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. பந்து எங்கே போனாலும் ஓடிப்போய் எடுத்துவிட வேண்டும். அவர்களில் ஒருவன் ஆணி வைத்த பூட்ஸோடு ஓடி, நூலுக்குள் புதைந்திருந்த பந்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டான். அதில்தான் பாவே போனது. நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன், "தொடாதடா! சரோஜாக்காவைக் கூப்பிடு!" என்று கத்தியிருக்கிறான். யார் காதில் விழும்?

சரோஜா அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து அதிக நாளாகவில்லை. அவளை நம்பி மாமியார் தனியாக விட்ட முதல் பாவு அது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை. அறுந்த நூல்களை மடியில் போட்டுக்கொண்டு முனையைத் தேடிக்கொண்டிருந்தாள். மாமியார் வாசலில் நின்று தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு எங்களுக்கா மருமகளுக்கா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கரீம் சார் வந்தார், பார்த்தார். யார் உதைத்தது, யார் இழுத்தது என்று கேட்கவே இல்லை. நேராகக் கோல்கம்பத்துக்குப் போய் வலையைத் தானே அவிழ்த்து மடித்து, தெருப் பெரியவர் கையில் கொடுத்தார். "நாளைக்கு நாங்க ஆடலை. இனிமே இங்க வரமாட்டோம்" என்றார். பையன்கள் ஓவென்று அழுதார்கள். இறுதிப் போட்டிக்கு வராத கிளப்பை லீக் விடுமா? பெயரை அடித்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "பாவைக் கெடுத்தது தப்புதான் சார். அதுக்குப் பசங்களைத் தண்டிங்க. கிளப்பையே மூடுவாங்களா?" என்று அவரிடம் சண்டை போட்டேன்.

"மேட்ச்ல தோத்தா அடுத்த வருஷம் ஜெயிக்கலாம். அந்தப் பொண்ணுக்கு இன்னிக்குப் போன பேரு அடுத்த வருஷம் வருமாம்மா?"

"நீங்க மூடிட்டுப் போங்க. நான் ஒருநாள் திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் செய்தது அதிகம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பதினைந்து பையன்களின் கால்களை ஒரே நாளில் கட்டிப்போட்டார். அதற்கப்புறம் அவர் பள்ளி வேலையோடு நிறுத்திக்கொண்டார். ஓய்வு பெற்றதும் மகள் வீட்டுக்கு, ஆம்பூருக்குப் போய்விட்டார்.

ஒருநாள் திறக்கிறேன் என்று சொன்னது சுலபம். பெண்பிள்ளைகளை டிராயரோடு ஓடவிடுகிறேன் என்று பெற்றோர் சண்டைக்கு வந்தது, மைதானத்தில் கட்டடம் கட்டப் பார்த்தது என்று பள்ளியில் எனக்குப் போராட வேண்டியவை வரிசைகட்டி நின்றன. என் தலை நரைத்த பிறகுதான் முருகன் வந்தான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பாதான் அன்றைக்குப் பந்தை உதைத்த கோல்கீப்பர். அதை அவனே சொல்லித்தான் ஆரம்பித்தான். "அப்பா அதுக்கப்புறம் பந்தே தொடல மிஸ். எங்க ஷிஃப்ட்டுல ஆடுற பசங்க நெறைய இருக்குறாங்க. கிளப்ப திரும்ப ஆரம்பிக்கலாமா?"

லீக்கில் விசாரித்தோம். பழைய கிளப் செத்துப்போனது செத்துப்போனதுதான் என்றார்கள். புதிதாகப் பதிவு செய்து கடைசிப் பிரிவிலிருந்து வரலாம். ஆனால் சொந்த மைதானம் காட்ட வேண்டும், அவர்கள் வந்து அளந்து பார்ப்பார்கள். வேறு பெயர் வையுங்கள், வேறு மைதானம் பாருங்கள் என்று எல்லாரும் யோசனை சொன்னார்கள். நான் முடியாது என்றேன். பாவடியில் ஆடாத கிளப்புக்குப் பாவடி என்று எப்படிப் பெயர் வைப்பது? அந்தப் பெயர் இல்லாமல் ஆரம்பிப்பதென்றால் எனக்கு அது வேறு ஏதோ ஒரு கிளப்.

பாவடித் தெருவுக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை, மோர் கொடுத்தார்கள், முடியாது என்றார்கள். மறுபடி போனேன். மறுபடி மோர். சரோஜா இப்போது அந்தத் தெருவில் பாவு வேலைக்கே பெரிய கை. அவள் சொல்லாமல் எந்த வீட்டிலும் பாவு விரிப்பதில்லை. "டீச்சரம்மா, எத்தனை தடவை வந்தாலும் இதே பதில்தான்" என்றாள். "எத்தனை தடவைன்னு நான் எண்ணலையேம்மா. நீ மோரைக் குடு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் ஒரு வழி திறந்தது. அமாவாசையன்று தறி ஓடாது, பாவும் விரிக்க மாட்டார்கள். அன்று மட்டும் ஆடிக்கொள்ளுங்கள் என்றார்கள். மாதத்துக்கு ஒருநாள் பயிற்சி! மற்ற நாட்களில் ஓரிக்கையில் பாலாற்று மணலில் ஓடவிட்டேன். மணலில் ஓடிய கால்களுக்குத் தரையில் பறக்கிற சுகம் வந்தது. அமாவாசைக்கு அமாவாசை ஆடி, முளை பொறுக்கி வீட்டு வாசல்களில் வைத்துவிட்டு வந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக, பாவு சுருட்டிய பிறகு மற்ற நாட்களிலும் வரலாம் என்று தெரு இறங்கி வந்தது. சரோஜா மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

லீக்கிலிருந்து மைதானத்தை அளக்க வரும் நாள் வந்தது. மழை. தள்ளிப்போட்டார்கள். மறுபடி மழை. பிறகு ஒருநாள் காலை பளீரென்று வெயில் அடித்தது. லீக் அதிகாரி மாசிலாமணி போன் செய்தார். "கிளம்பிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் பதிவு முடியுது. இன்னிக்கு விட்டா அடுத்த சீசன்தான்."

ஓடிப்போய்ப் பார்த்தால் மைதானத்தின் குறுக்கே, சரியாகக் கோல் எல்லைக்கு முன்னால், அரக்குச் சிவப்பில் ஒரு பாவு. எங்களைப் போலவே சரோஜாவும் இதே வெயிலுக்காகக் காத்திருந்திருக்கிறாள். கல்யாணப் புடவைக்கான பட்டு. கஞ்சி ஈரம் மினுமினுத்தது.

"ஈரத்துல சுருட்டினா நூலு நூலோட ஒட்டிக்கும் டீச்சரம்மா" என்றாள், நான் கேட்குமுன்பே.

"தெரியும்" என்றேன்.

முருகன் என்னைத் தனியே இழுத்தான். நைட் ஷிஃப்ட் முடித்துக் குளிக்காமல் வந்திருந்தான். "மிஸ், நீங்க ஒரு வார்த்தை கேட்டா அவங்க எடுத்துருவாங்க. ஒரு வருஷம் போயிரும் மிஸ். பாதிப் பசங்க கான்ட்ராக்ட்டு லேபர், அடுத்த வருஷம் எந்த ஊர்ல இருப்பாங்களோ."

அவன் சொன்னது பொய்யில்லை. எனக்கும் ஓய்வு நெருங்கிவிட்டது, அடுத்த சீசனில் யாருக்கு நான் மிஸ்? இருந்தாலும் சொன்னேன்: "ஒருதடவை இந்தப் பாவுலதான் நம்ம கிளப் செத்தது. அதே பாவு மேல ஏறி நின்னு பொறக்க வேணாம்டா."

மாசிலாமணி வந்து இறங்கினார். கையில் சொந்த அளவு நாடா, இடுப்பில் சாவிக்கொத்து. மைதானத்தை அளந்து முடிக்காமல் யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாவைப் பார்த்தார்.

"இது என்ன மேடம்?"

"பாவு சார்."

"எடுக்கச் சொல்லுங்க."

"அது கிடக்கிறவரைக்கும் இது அவங்க இடம் சார். நான் சொல்ல முடியாது."

"அப்படின்னா மைதானம் காலியா இல்லைன்னுதான் எழுதுவேன்."

"எழுதிக்குங்க சார்."

சொல்லிவிட்டேன். முருகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மாசிலாமணி பேனாவைத் திறந்தார். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சுருட்டத்தான் கூடாது. தூக்கலாம்."

சரோஜா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "விறைப்பு தளராம, விரிச்சபடியே தூக்கிக்கினு போயி ஓரத்துல வைக்கலாம். எங்க தெருவுல யாரும் செஞ்சது இல்ல. ஆளுங்க நெறைய வேணும். உங்க பசங்க சொன்ன பேச்சு கேப்பாங்களா?"

"கேப்பாங்க" என்றேன். கேட்கவில்லையென்றால் தோலை உரித்துவிடுவேன் என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப எல்லாரும் பூட்ஸக் கழட்டுங்க. மோதிரம், வாட்சு, கையில கட்டுன கயிறு எல்லாம் கழட்டுங்க. நூலு மேல ஒரு விரல் படக்கூடாது. எவனாவது தடுக்கி விழுந்தா, விழுந்தது விழுந்தபடி கிடக்கணும். எதையும் புடிக்கக்கூடாது."

பாவின் இரண்டு முனைக் கயிற்றையும் முளையிலிருந்து அவிழ்க்குமுன் முனைக்கு நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்து நின்றார்கள். நடுவில் பாவைத் தாங்கும் மூங்கில் கால்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். அணி போதவில்லை. நெசவாளர் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மூங்கில் காலில் இந்தப் பக்கம் கடைத்தெரு யூசுப், அந்தப் பக்கம் சரோஜாவின் மகன். கயிற்று முனையில் முருகன். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மூங்கில் காலைப் பிடித்தேன்.

சரோஜா பாவோடு பக்கவாட்டில் நடந்தாள். அவள் "ம்" என்றால் ஓர் அடி. "ம்" என்றால் இன்னோர் அடி. நடுவே யாராவது கொஞ்சம் முந்தினால் பாவு கோணும்; அவள் கையை உயர்த்துவாள்; எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். அவள் இறுக்கத்தைக் கண்ணால் பார்த்து, "முருகா, இன்னும் கொஞ்சம் இழு. போதும்" என்பாள். மழை ஊறிய மண் காலடியில் வழுக்கியது. முருகனின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். அவன் துடைக்கவில்லை. அத்தனை ஆண்கள் அத்தனை நேரம் பேசாமலிருந்ததை என் பணிக்காலத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

எல்லைக்கோட்டைத் தாண்டி, புதிதாக அடித்த முளையில் கயிற்றைக் கட்டியதும் ஒருவரும் கை தட்டவில்லை. சரோஜா குனிந்து பாவின் நீளம் முழுக்கப் பார்த்துக்கொண்டே போனாள். நிமிர்ந்து, "பரவாயில்ல" என்றாள். யூசுப் அப்படியே மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டான்.

மாசிலாமணி நாடாவை எடுத்தார், அளந்தார். ஒரு கோலின் குறுக்குக் கம்பம் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, சரிசெய்யச் சொல்லி வெயிலிலேயே நின்றார். சரிசெய்த பிறகு மறுபடி அளந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்ப ஒரு டீ இருந்தா குடுங்க" என்றார். சரோஜா வீட்டிலிருந்துதான் டீ வந்தது.

அன்று மாலை ஆம்பூருக்குப் போன் போட்டேன். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கரீம் சார் குறுக்கே பேசாமல் கேட்டார். கிளப் பதிவாகிவிட்டதா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"நூல் அறுந்துச்சாம்மா?"

"ரெண்டு மூணு இழை சார். சரோஜாவே முடிஞ்சிட்டா."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப ஆடுங்க" என்றார். ஆடுவதற்கு அவர் அனுமதி எனக்கு எதற்கு? ஆனாலும் போனை வைத்துவிட்டு அழுதேன்.

முதல் ஆட்டம் பாவடியிலேயே நடந்தது. அதில் நாங்கள் படுதோல்வி அடைந்தோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த ஸ்கோரை முருகன் பேஜில் போடப் போவதில்லை. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பாவு சுருட்டி முடியவில்லை. எதிரணிப் பையன்கள் நடுவட்டத்தில் பந்தை வைத்துக்கொண்டு துடித்தார்கள். எங்கள் பையன்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள், ஒருவன்கூட அசையவில்லை.

நடுவர் ஓர் இளம்பிள்ளை. வாட்சைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "மேடம், டைம் ஆயிடுச்சு. உங்க டீம் ஏன் இன்னும் இறங்கல?"

நான் கையைக் காட்டினேன். சரோஜா பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். முளையைப் பிடுங்கினாள், குழியைக் காலால் மண் தள்ளி மூடினாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் நின்று, எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பையன்கள் உள்ளே ஓடினார்கள்.

"அவங்க யாரு மேடம்? உங்க கிளப் பிரசிடென்ட்டா?"

"அவங்க கை தூக்கினாத்தான் தம்பி எங்களுக்கு மேட்ச். இப்ப ஊதுங்க" என்றேன்.

அவர் ஊதினார். ஒரே ஒரு தடவை.